ஒன்பது பக்கம் தள்ளி

ஜனவரி 9

அண்ணா,

என் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் இழுப்பறையில் தள்ளிவிடுவாய் என்று அண்ணியிடம் சொன்னேன். “நான் கிழிச்சுக் கையில திணிக்கிறேன், நீ எழுதும்மா” என்றார்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். போனில் என் பெயர் தெரிந்தால் நீ எடுப்பதில்லை. அப்பா போனபிறகு நாம் பேசிக்கொண்டதை எல்லாம் எழுதினால் அரைப் பக்கம் தேறுமா?

சிட்டுவைப் பற்றித்தான். நான் பாடம் நடத்தும் அதே கட்டடத்தில் உன் மகள் நான்கு வருடமாகப் பியானோ படிக்கிறாள். அவளுக்கு நான் ஒருநாள்கூட வகுப்பு எடுத்ததில்லை. சொந்தக்காரர்களுக்குப் பாடமும் எடுக்கக்கூடாது, மதிப்பெண்ணும் போடக்கூடாது என்பது இசைத்துறையின் விதி. விதி இல்லாவிட்டாலும் எடுத்திருக்க மாட்டேன், உனக்குப் பயந்து. உன்னைக் கேட்காமல் இங்கே சேர்ந்தாள் என்பதற்காக அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டவன் நீ.

ஏப்ரல் 16 அவளுக்கு இறுதித் தேர்வு. கான்செர்ட்டோ வாசிக்க வேண்டும். எது என்று கேட்காதே. அதேதான். நானும் சொல்லவில்லை, அவள் ஆசிரியையும் சொல்லவில்லை. அவளாகத்தான் எடுத்தாள்.

கான்செர்ட்டோவில் பியானோவோடு வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா தேர்வுக்குக் கிடையாது என்பதும், அதன் பாகத்தை இரண்டாவது பியானோவில் வாசிக்க மாணவரே ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறாள். “யார் பேரைப் போடப் போற?” என்றேன். “போடறப்போ போடறேன் அத்தை” என்றாள். அப்புறம் படியிறங்கும்போது, முதுகைக் காட்டிக்கொண்டே, “அப்பாவுக்கு ரெண்டாவது பியானோ பாகமும் தெரியுமா அத்தை?” என்றாள்.

அவள் உன்னைக் கேட்க மாட்டாள். உன் பிடிவாதம் ஒரு பொட்டுகூடக் குறையாமல் வந்திருக்கிறது. அதனால் நான் கேட்கிறேன். வந்து வாசி. மார்ச் 20க்குள் படிவம் கொடுக்க வேண்டும்.

தங்கை
(வாலு என்று கையெழுத்துப் போடத்தான் நினைத்தேன். நீ வைத்த பெயர், நீயே அழைக்காதபோது நானாகப் போட்டுக்கொள்வது சரியில்லை.)


ஜனவரி 21

கடிதம் கிடைத்தது. உன் அண்ணி சொன்னபடியே கிழித்துத்தான் கொடுத்தாள்.

அந்தத் துறையின் விதிகளை எனக்கு நீ விளக்க வேண்டியதில்லை. நீ அங்கே சம்பளம் வாங்குகிறவள். நான் அங்கிருந்து கழித்துவிடப்பட்டவன். விதி என்னவென்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நான் இப்போது என்ன செய்கிறேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பதினெட்டு வருடமாக ஒரு பாலே நடனப் பள்ளியில் வாசிக்கிறேன். எட்டு எண்ணிக்கை, மறுபடி எட்டு. நடன ஆசிரியை கைதட்டினால் நிறுத்த வேண்டும், பேசிக்கொண்டிருப்பவன் வாயைப் பொத்துவது மாதிரி. “சார், கொஞ்சம் மெதுவா, பிள்ளைங்களுக்குக் கால் வரல.” மெதுவாக வாசிப்பேன். “சார், தூங்கிட்டீங்களா?” வேகமாக வாசிப்பேன். எந்த இசையையும் கடைசிவரை வாசித்து வருடக்கணக்காகிறது. கேட்பவர்களின் பாதம்தான் எனக்குத் தெரியும், முகம் தெரியாது.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். இருபத்துநான்கு வருடத்துக்கு முன், அதே தேர்வு, அதே கான்செர்ட்டோ. நான் நான்காம் ஆண்டு, நீ இரண்டாம் ஆண்டு. வீட்டில் இருந்தது ஒரே பியானோ. ஆறு முதல் எட்டுவரை எனக்கு, எட்டு முதல் ஒன்பதுவரை உனக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்குள் நீ உன் பாடத்தையும் முடித்து என் பாகத்தையும் காதால் கற்றுக்கொண்டாய். அது அப்போதே எனக்கு உறுத்தியது. “கூடப் பிறந்தவ இருக்கும்போது வெளி ஆள் எதுக்குடா?” என்று அப்பாதான் உன்னை இரண்டாவது பியானோவில் உட்கார வைத்தார்.

அந்தக் கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் ஒரே மெட்டு இரண்டு இடத்தில் வரும். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருமுறை. இரண்டும் ஒரே மாதிரியான தெருமுனை. திரும்புகிற இடத்தில் ஒரு சுரம்தான் வித்தியாசம். நான் ஒரு நொடி தடுமாறினேன். யார்தான் தடுமாறவில்லை? உடனே சரிசெய்துகொண்டு என் இடத்துக்கு வந்தேன். வந்து பார்த்தால் நீ அங்கே இல்லை. ஒன்பது பக்கத்தைப் புரட்டிவிட்டு, எங்கோ முடிவுக்குப் பக்கத்தில் போய் முழங்கிக்கொண்டிருந்தாய். இரண்டு பியானோவும் இரண்டு ஊரில் இருந்தன. நடுவர்கள் என்னை நிறுத்தினார்கள். நிறுத்தாமல் என்ன செய்வார்கள்?

அடுத்த வருடம் என் பேராசிரியர் உன் பேராசிரியர் ஆனார். என் பயிற்சி அறை, எண் பதினான்கு, உன் அறை ஆனது. இப்போது என் மகளும் உன் பின்னால் படியிறங்கி வருகிறாள். நல்லது.

நான் வரமாட்டேன்.


பிப்ரவரி 3

அண்ணா,

இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். முதல் முறை அதிகம் திட்டிவிட்டேன். இரண்டாவது முறை அதிகம் அழுதுவிட்டேன். இது மூன்றாவது, எப்படி வருகிறதோ வரட்டும்.

ஒரு நொடி தடுமாறினேன் என்கிறாய். நீ தடுமாறவில்லை அண்ணா. அந்தத் தெருமுனையில் தவறான பக்கம் திரும்பிவிட்டாய். ஒன்பது பக்கம் தாவினது முதலில் நீதான். எனக்குக் காது இருக்கிறது. நீ தனியாக அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஒரே வீச்சில் புரட்டிக்கொண்டு உன் பின்னால் ஓடிவந்தேன். தாள்கூடக் கிழிந்தது. நான் வந்து சேர்ந்த அதே கணம் நீ திரும்பிப் போய்விட்டாய். குறுகலான நடையில் எதிரெதிரே வருகிற இரண்டு பேர் வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்குவார்களே, அதுதான் நடந்தது. வேறொன்றும் இல்லை.

நீ நம்பமாட்டாய். அப்பாவும் நம்பவில்லை. “நீ சும்மா உன் எடத்துல இருந்திருந்தா அவன் வந்து சேர்ந்திருப்பான்” என்று போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாளுக்கு அப்புறம் நான் யாருக்கும் இரண்டாவது பியானோ வாசித்ததில்லை. துறையில் ஏன் என்று கேட்பார்கள். தோள்வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அறை பதினான்கை நான் கேட்டு வாங்கவில்லை. அவர்களாகக் கொடுத்தார்கள். சன்னல் சரியாக மூடாது, உனக்கே தெரியும்.

இதோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். தேர்வுகளை எல்லாம் பதிவுசெய்வது இங்கே வழக்கம். நூலகத்தில் பழையவற்றைக் கழித்தார்கள். உன் பெயர் ஒட்டிய பெட்டியைக் கூடையிலிருந்து எடுத்துவந்தேன். அதன் கடைசியில் இருப்பதை நான் சொன்னால் பொய் என்பாய். நீயே கேள்.

கேட்காவிட்டாலும் பரவாயில்லை. சிட்டுவுக்காக வா.


பிப்ரவரி 16

கேசட் கிடைத்தது. அதைப் போட்டுக் கேட்க என்னிடம் கருவி எதுவும் இல்லை.

உன் அண்ணி, “ஏன், உங்க டான்ஸ் ஸ்கூல் அலமாரியில ஒண்ணு தூசி தின்னுட்டுக் கெடக்கே” என்றாள். அது வேலை செய்யாது என்றேன். “வேலை செய்யாதது அது இல்லீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உங்கள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

என் பதில் முன்பு எழுதியதுதான்.


மார்ச் 1

அண்ணா,

இது கெஞ்சல் இல்லை. நேற்றுப் பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மத்தியானம் மூன்றாம் மாடிப் பயிற்சி அறைகளைத் தாண்டிப் போனேன். ஒரு கதவுக்குப் பின்னால் நம் கான்செர்ட்டோ கேட்டது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டே, அதன் வழியாகப் பார்த்தேன். சிட்டுதான். தன் பாகத்தை வாசிக்கிறாள். இரண்டாவது பியானோ தனியாக வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். மற்றப் பிள்ளைகள் அந்த இடத்தைத் தாண்டிவிடுவார்கள். பயிற்சிதானே, யார் காத்திருப்பது? இவள் தாண்டவில்லை. முப்பத்திரண்டு எண்ணிக்கையும் உதட்டால் எண்ணிக்கொண்டு, பக்கத்தில் மூடிக் கிடக்கிற பியானோவைப் பார்த்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். முடிந்ததும் சரியாகக் கை போகிறது. மறுபடி இடைவெளி வந்தால் மறுபடி மடியில் கை.

உனக்கு இடம்விட்டு வைத்திருக்கிறாள் அண்ணா. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

இருபதாம் தேதி கடைசி. முடியும் முடியாது என்று ஒரு வரி எழுதிவிடு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.


மார்ச் 16

வாலு,

கேட்டுவிட்டேன். இந்த மாதம் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு இல்லாத நாள், நடனக்கூடத்தில் தனியாக. சுற்றிலும் ஆளுயரக் கண்ணாடி. கேசட் ஓடும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் தெரிந்தேன். அதனால் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

நீ எழுதியது சரி. தாவியது நான்தான். ஒரு நொடி இல்லை, ஏழு நொடி அங்கேயே நடமாடியிருக்கிறேன், தெரிந்த தெரு மாதிரி. தாள் கிழிகிற சத்தம்கூடப் பதிவாகியிருக்கிறது. நீ வந்து சேர்ந்தாய். அழகாக வந்தாய். அந்த இடத்திலேயே நான் இருந்திருந்தால் பாதிப் பேருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அதன் பிறகு வருவதுதான் எனக்கு நினைவில் இல்லாதது. இரண்டு பியானோவும் நின்றுபோகின்றன. நடுவர் ஒருவர், “பரவாயில்ல தம்பி, நிதானமா” என்கிறார். நிறுத்தவில்லை, வாலு. யாரும் என்னை நிறுத்தவில்லை. அப்புறம் உன் குரல், கிசுகிசுப்பாக: “அண்ணா, எங்கேருந்து?” மறுபடியும், “அண்ணா, எங்கேருந்து எடுக்கட்டும்?” அதற்குப் பதில் இல்லை. நாற்காலி இழுபடுகிறது. செருப்புச் சத்தம். கதவு. நான் எழுந்து போயிருக்கிறேன். நிறுத்தினார்கள் என்று உன் அண்ணியிடம், சிட்டுவிடம், வேலைக்கு எடுத்த ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் பரவாயில்லை.

கேட்ட அன்றே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வாசிக்க முடியுமா என்று தெரியாமல் வருகிறேன் என்று எழுத மனம் வரவில்லை. அதனால் எட்டு நாளாக வகுப்பு முடிந்ததும் இருந்து வாசித்துப் பார்த்தேன். நடன ஆசிரியை எட்டிப் பார்த்து, “சார், யார் கைதட்டி நிறுத்தறது?” என்றாள். நேற்று முதல் பகுதியை முழுதாக, நிற்காமல் முடித்தேன். விரல் பழசுதான். ஆனால் பதினெட்டு வருடமாக அடுத்தவர் காலைப் பார்த்தே வாசித்தவன். துணை போகத் தெரியும்.

படிவத்தில் என் பெயரைப் போடு. சிட்டுவிடம் நான் வந்து சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணா


மார்ச் 16

அண்ணா,

இரண்டு வாரம் பார்த்தேன். ஒரு வரி வரவில்லை. உன் மௌனத்தைப் படிக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இனி உன்னைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. நீ சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. உன்னை முறித்த அதே அறைக்கு மறுபடி வா என்று கூப்பிட எனக்கு என்ன உரிமை?

இன்று காலை சிட்டு படிவத்தோடு வந்தாள். உனக்கு எழுதியதை முதல்முறையாகச் சொன்னேன். “என்ன சொன்னார்?” என்றாள். முடியாது என்றுவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, “நீங்க வாசிப்பீங்களா அத்தை? தோள் வலிக்குமோ?” என்றாள். வலிக்காது என்றேன். எனக்கு முன்னாலேயே என் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் கொடுத்துவிட்டாள்.

கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடு. அனுப்பியிருக்கக் கூடாது.


மார்ச் 21

அண்ணா,

உன் கடிதம் இன்று வந்தது. நின்றபடியே படித்தேன். மாடியிலிருந்து அலுவலகத்துக்கு ஓடினேன். இந்த வயதில் நான் ஓடியதைப் பார்த்து வாசற்காவலர் தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டார். எழுத்தர் நல்ல மனிதர். “மாணவி கையெழுத்துப் போட்டுக் கேட்டா மாத்தித் தரேன் மேடம்” என்றார்.

அதனால் சிட்டுவிடம் போனேன். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டிக் குறைக்க எனக்கு மனமில்லை:

“வருவார்னு இருந்தப்போ வரல. வரமாட்டார்னு மனசத் தேத்திக்கிட்ட அப்புறம் வரேங்கறார். எத்தன தடவ அத்தை நான் மாத்தி மாத்தித் தயாராகறது? இந்த அஞ்சு நாளா சேர்ந்து வாசிச்சு உங்க மூச்சு எனக்குப் பழகிடுச்சு. விட்டுடுங்க.”

வாசலில் நின்று, “வரணும்னா வந்து வெளிய பெஞ்சில உக்காந்து கேக்கட்டும். உள்ள விடமாட்டாங்க. ஆனா கேக்கும்” என்றாள்.

கேட்ட அன்றே எழுதியிருக்கக் கூடாதா அண்ணா? இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா நான்?


மார்ச் 27

வாலு,

அவள் சொன்னது சரி. மாற்ற வேண்டாம்.

இரண்டு கடிதத்திலும் ஒரே தேதி. ஏதோ ஒரு தபால் மூட்டைக்குள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போயிருக்கும். நீ என் பக்கம் வந்தாய், நான் உன் பக்கம் வந்தேன். இரண்டு பேரும் காலி நாற்காலியைப் பார்த்தோம். நமக்கு இது புதிதும் இல்லை.

ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருட வேலையில் கற்றது, வேறு எங்கும் பயன்படாது. அவள் எங்காவது வழிதவறினால் நீ துரத்திக்கொண்டு போகாதே. இருக்கிற இடத்தில் இருந்து வாசி, கொஞ்சம் சத்தமாக. பிள்ளைகள் கால் தவறினால் நான் அவர்களைத் தேடிப் போவதில்லை. தாளத்தை மட்டும் விடாமல் பிடித்திருப்பேன். அவர்களே வந்துசேர்வார்கள். அப்பா அன்று சொன்னதில் அது மட்டும் உண்மை. உன்னைக் குத்திக்காட்டச் சொன்னார் என்பதால் அது பொய்யாகிவிடாது.

வருவேனா என்று கேட்காதே.


ஏப்ரல் 17

அண்ணா,

தேறிவிட்டாள். மதிப்பெண் அடுத்த வாரம் ஒட்டுவார்கள். ஆனால் நடுவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே.

அந்தத் தெருமுனையில் எனக்குத்தான் வியர்த்தது. அவளுக்கு ஒன்றுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு சரியாகத் திரும்பினாள். கோட்டைவிட்டது கடைசிப் பகுதியில், யாரும் எதிர்பார்க்காத ஓர் எளிய இடத்தில். எங்கே போனாள் என்று எனக்குத் தெரிந்தது. என் கை பக்கத்தைப் புரட்டத் தூக்கியும்விட்டது. உன் கடிதம் நினைவுக்கு வந்து கையை இறக்கினேன். நகரவில்லை. இரண்டு வரி நான் மட்டும் வாசித்தேன், அண்ணா, தனியாக, சத்தமாக. அவ்வளவு நீளமான இரண்டு வரியை நான் வாசித்ததே இல்லை. அப்புறம் வந்தாள். வந்து தோளோடு தோள் சேர்ந்துகொண்டாள்.

உன்னால்தான் தேறினாள். அதை உன்னிடம் சொல்லத்தான் கதவைத் திறந்தோம். பெஞ்சில் யாரும் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக்கூடு மட்டும் கிடந்தது, மூடி பிய்ந்து ரப்பர்பேண்ட் போட்டது. அவள்தான் எடுத்தாள். “அப்பாவோடது” என்றாள். “எதுவரைக்கும் இருந்தார்?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். வாசற்காவலரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். நடுவிலேயே போய்விட்டார் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடிக்கூடு அவளிடம்தான் இருக்கிறது. எனக்குப் பதில் எழுதாதே. அவளுக்கு எழுது.


ஏப்ரல் 24

வாலு,

அவளுக்கு எழுத நான்கு நாள் உட்கார்ந்தேன். முடியாமல் உனக்கே எழுதுகிறேன். இதை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

முதல் பேருந்தில் வந்தேன். பெஞ்சு அதேதான், பெயிண்ட் மட்டும் வேறு. கதவு மூடியிருந்தாலும் நன்றாகவே கேட்டது. சிட்டு வாசித்து நான் கேட்டு நான்கு வருடமாகிறது. அது என் மகளின் கை என்று யாராவது சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. அவ்வளவு வளர்ந்திருக்கிறது. என்னைவிட நன்றாக வாசிக்கிறாள். அன்று நான் வாசித்ததைவிட என்று சொல்லவில்லை. என்றைக்குமே நான் வாசித்ததைவிட.

அந்த இடம் நெருங்கியது. இனிமேல் சொல்வதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணியிடமும். அவள் தவற வேண்டும் என்று விரும்பினேன். ஒரு கணம்தான். ஆனால் முழு மனதோடு. அவளும் அங்கே தவறினால் அது நம் குடும்பத்தின் தெருமுனை என்று ஆகிவிடும், என் பிழை இல்லை என்று ஆகிவிடும். பெற்ற பிள்ளை விழ வேண்டும் என்று கதவுக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் சரியாகத் திரும்பினாள். எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. ஏமாற்றம். அது என்ன என்று புரிந்ததும் எழுந்துவிட்டேன். அதற்குமேல் அங்கே உட்கார எனக்குத் தகுதி இல்லை. கண்ணாடிக்கூடு விழுந்ததுகூடத் தெரியவில்லை. கடைசிப் பகுதியில் அவள் வழிதவறியபோது நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருப்பேன். நான் சொன்னது அவளுக்கு உதவியதாம். நான் விரும்பியது என்ன என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது முறையும் அதே இடத்திலிருந்து, யாரும் நிறுத்தாமலே, நானாக எழுந்து வந்திருக்கிறேன். இந்த முறை குற்றம் சொல்ல ஆள் இல்லை.

அவளுக்கு எழுது என்கிறாய். தாள் முன்னால் இருக்கிறது. ‘சிட்டு’ என்று மேலே எழுதிவிட்டேன். அதற்குக் கீழே ஒரு வார்த்தை வரவில்லை. உள்ளதைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். சொல்லாமல் எழுதினால் இன்னொரு இருபத்துநான்கு வருடப் பொய்க்குப் பிள்ளையார்சுழி. அன்று நீ இரண்டு தடவை கேட்டாய், நான் பதில் சொல்லாமல் போனேன். இப்போது நான் கேட்கிறேன்.

எங்கேருந்து எடுக்கட்டும், வாலு?